படிவத்தில் ஒரு புலம் இருக்கிறதா என்று ஜாவாஸ்கிரிப்டில் சரிபார்ப்பது எப்படி?

ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைப் பல பக்கங்களில் இணைக்கும்போது அடிக்கடி எழும் சிக்கல் இது. நிறுவனங்களுக்கான ஆர்டர் படிவத்தில் ஜிஎஸ்டி எண்ணைக் கேட்கும் புலம் இருக்கும். தனிநபர்களுக்கான படிவத்தில் அது இராது. இல்லாத புலத்தின் மதிப்பை நிரல் படிக்க முயன்றவுடன் கன்சோலில் சிவப்பு நிறத்தில் பிழைச்செய்தி தோன்றும். அந்தச் செயற்கூற்றில் (ஃபங்ஷன்) அதற்குப் பின்வரும் வரிகள் எவையும் இயங்கா. நான் பராமரிக்கும் தளமொன்றில் இதைச் சரிசெய்த முறையைக் கீழே தருகிறேன். நிரல்சொற்களை ஒலிப்பு மாறாமல் தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

முதல் படி: படிவத்துக்கு ஓர் ‘ஐடி’ கொடுத்து, ‘டாக்குமென்ட்.கெட்எலிமென்ட்பைஐடி’ கொண்டு அதை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் குறியில் ‘டிஃபர்’ என்று சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால், பக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள நிரல் படிவம் உருவாகும் முன்பே ஓடிவிடும், இருக்கும் புலமும் இல்லை என்றே விடை வரும்.

இரண்டாம் படி: படிவத்தின் புலங்களைக் கொண்ட ‘எலிமென்ட்ஸ்’ தொகுப்பில் ‘நேம்டுஐட்டம்’ என்ற செயற்கூற்றை அழைத்து, புலத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். புலம் இருந்தால் அது கிடைக்கும். இல்லையென்றால் ‘நல்’ (எதுவுமில்லை என்று குறிக்கும் மதிப்பு) கிடைக்கும். பக்கம் முழுவதையும் துழாவாமல் அந்தப் படிவத்துக்கு உரியவற்றை மட்டும் பார்ப்பதாலும், ‘ஃபார்ம்’ பண்பின் வழியே வெளியிலிருந்து இணைக்கப்பட்ட புலங்களையும் கணக்கில் கொள்வதாலும், மற்ற வழிகளைவிட இதையே நான் விரும்புகிறேன். படிவ மாறிக்குப் பின் ஒரு புள்ளி வைத்து நேரடியாகப் புலத்தின் பெயரை எழுதும் பழக்கம் வேண்டாம். ‘சப்மிட்’ என்ற பெயரில் ஒரு பொத்தான் இருந்தால், படிவத்தை அனுப்பும் அதே பெயருள்ள செயற்கூற்றை அது மறைத்துவிடும்.

மூன்றாம் படி, ‘இஃப்’ நிபந்தனை. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். நிபந்தனைக்குள் புலத்தையே வையுங்கள், அதன் மதிப்பை வைக்காதீர்கள். பயனர் எதுவும் எழுதாத புலத்தின் மதிப்பு வெற்றுச் சரம். ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பொய் என்றே கொள்ளும். ஆகவே காலியாக இருக்கும் புலம் இல்லாத புலமாகிவிடும். அடுத்து, ‘இல்லை’ என்ற விடை எப்போதும் ஒரே வடிவில் வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். ‘நேம்டுஐட்டம்’, ‘குவெரிசெலக்டர்’ (சிஎஸ்எஸ் செலக்டர் கொண்டு, பொருந்தும் முதல் உறுப்பைத் தேடுவது) இரண்டும் ‘நல்’ தரும். அதே ‘எலிமென்ட்ஸ்’ தொகுப்பைச் சதுர அடைப்புக்குறியால் கேட்டால் ‘அன்டிஃபைன்டு’ (வரையறுக்கப்படாதது) வரும். பொருந்தும் எல்லாவற்றையும் தேடும் ‘குவெரிசெலக்டர்ஆல்’ தருவதோ வெற்றுப் பட்டியல்; வெற்றுப் பட்டியலும் ஒரு பொருள் என்பதால் நிபந்தனையில் அது மெய்யாகவே நடந்துகொள்ளும், எனவே அதன் ‘லெங்த்’ பூஜ்யத்தைவிடப் பெரிதா என்றே பார்க்க வேண்டும். ஜேகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்திலும் இதே நிலைதான். ‘டைப்ஆஃப்’ கொண்டு ‘அன்டிஃபைன்டு’ அல்ல என்று மட்டும் சோதிக்கும் பழைய வழியில் ‘நல்’ தப்பி உள்ளே நுழைந்துவிடும், ஏனெனில் ‘நல்’லின் வகை ‘ஆப்ஜெக்ட்’ என்றே மொழி சொல்கிறது.

மதிப்பைப் படிப்பது மட்டுமே நோக்கமென்றால், 2020ஆம் ஆண்டின் மொழித்தரத்தில் வந்த கேள்விக்குறி-புள்ளியை, புலத்துக்குப் பின் வெறும் புள்ளிக்குப் பதிலாக இட்டால் போதும். மதிப்பை எழுத அது உதவாது. சமக்குறிக்கு இடப்பக்கம் அதை மொழி அனுமதிப்பதில்லை.

நான்காம் படி, ஒரே பெயரில் பல புலங்கள் வரும் படிவங்களுக்கு. பொருள் வரிசைகளைக் கூட்டிக்கொண்டே போகும் விலைப்பட்டியலில், ஒரு வரிசை இருக்கும்போது ‘நேம்டுஐட்டம்’ அந்தப் புலத்தையே தரும். இரண்டாவது வரிசை சேர்ந்ததும் ‘ரேடியோநோட்லிஸ்ட்’ என்ற பட்டியலைத் தரும். ‘லெங்த்’ பார்த்து இவற்றைப் பிரிக்க முயலாதீர்கள்; தனியொரு ‘செலக்ட்’ புலத்துக்கும் ‘லெங்த்’ உண்டு, அது தன் தெரிவுகளின் எண்ணிக்கையைச் சொல்லும். இத்தகைய படிவங்களில் எப்போதும் பட்டியலையே தரும் ‘குவெரிசெலக்டர்ஆல்’தான் பாதுகாப்பானது. சர்வரில் இயங்கும் பிஎச்பி மொழிக்காகப் பெயரின் இறுதியில் சதுர அடைப்புக்குறி இருந்தால், ‘குவெரிசெலக்டர்ஆல்’லுக்குத் தரும் செலக்டருக்குள்ளேயே தேடும் பெயரைத் தனியாக மேற்கோள் குறிக்குள் இடுங்கள். இல்லையென்றால் தொடரியல் பிழை வரும்.

பின்சேர்க்கை: படிவத்தின் தரவைத் திரட்டித் தரும் ‘ஃபார்ம்டேட்டா’வின் ‘ஹேஸ்’ போதாதா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். போதாது. அது அனுப்பப்படவிருக்கும் தரவை மட்டுமே அறியும். முடக்கப்பட்ட புலமும் டிக் செய்யாத செக்பாக்ஸும் பக்கத்தில் இருந்தாலும் அதில் இடம்பெறா. இன்னொருவருக்குப் படப்பொத்தான் அகப்படவில்லை. ‘இமேஜ்’ வகை உள்ளீட்டை ‘எலிமென்ட்ஸ்’ தொகுப்பு பழைய மரபு காரணமாகச் சேர்த்துக்கொள்வதில்லை. அதை மட்டும் படிவத்தின் மீது ‘குவெரிசெலக்டர்’ அழைத்துத் தேடிக்கொள்ளுங்கள்.