பைக் பேட்டரி: ஆசிட் எப்போது, தண்ணீர் எப்போது?

"ஆசிட்ல தண்ணி ஊத்தக் கூடாது, தண்ணிலதான் ஆசிட் ஊத்தணும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். அப்புறம் எப்படி பேட்டரில தண்ணி ஊத்தச் சொல்றீங்க?"

பைக் பேச்சு பேட்டரிப் பக்கம் திரும்பினாலே இந்தக் கேள்வி வந்துவிடும். ஒருவர் பள்ளிப் பாடத்தைப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர், "இத்தனை வருஷமா ஊத்துறோமே, ஒண்ணும் வெடிக்கலையே" என்பார். இருவர் சொல்வதும் சரி. ஆனால் இருவரும் பேசுவது வெவ்வேறு ஆசிட்டைப் பற்றி.

ஆய்வகத்து அடர் கந்தக அமிலத்தில் 98 சதவீதம் அமிலம்தான். ஒரு லிட்டர் 1.84 கிலோ எடை இருக்கும். தண்ணீரோடு சேரும்போது பெரும் வெப்பத்தை வெளிவிடும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால், எடை குறைந்த தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். வெப்பம் முழுவதும் அந்த மெல்லிய அடுக்கில் தேங்கி, தண்ணீர் சட்டென்று கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். மாற்றி ஊற்றினால் கனமான அமிலம் தண்ணீருக்குள் இறங்கிக் கலக்கும். சுற்றியுள்ள தண்ணீர் முழுவதும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடாகவே ஏறக்குறைய 4.2 கிலோஜூல் தேவை என்பதால் அதற்கு அந்தத் தாங்குதிறன் உண்டு.

பேட்டரிக்குள் இருப்பது அந்த ஆசிட் இல்லை. முழு சார்ஜில் அதன் எடையில் ஏறக்குறைய 37 சதவீதம் அமிலம், மீதி தண்ணீர். ஒப்படர்த்தி, அதாவது மெக்கானிக்குகள் சொல்லும் கிராவிட்டி, 1.28; அதே அளவு தண்ணீரைவிட 1.28 மடங்கு எடை என்று அர்த்தம். ஓர் அமில மூலக்கூறுக்கு ஏறக்குறைய ஒன்பது தண்ணீர் மூலக்கூறுகள் ஏற்கெனவே இருக்கின்றன. வெளியாக வேண்டிய வெப்பத்தில் பெரும்பகுதி, அதைக் கலந்த இடத்திலேயே வெளியாகிவிட்டது. அதில் இன்னும் சில மில்லி தண்ணீர் விட்டால் சூடு ஏறுவதே தெரியாது. அதனால்தான் பேட்டரியில் தண்ணீர் ஊற்றலாம்.

முதலில் உங்களுடையது எந்த வகை?

மேலே ஆறு மூடிகளும், பக்கத்தில் அப்பர், லோயர் என்று இரண்டு கோடுகளும் இருந்தால் அது பழைய பாணி ஈரப் பேட்டரி. இந்தக் குறிப்பின் பெரும்பகுதி அதற்குத்தான். மேற்புறம் முழுக்க மூடியிருந்து எம்எஃப் (மெயின்டனன்ஸ் ஃப்ரீ, பராமரிப்பு தேவைப்படாதது) என்று எழுதியிருந்தால் அதைத் திறக்கவே கூடாது. அதில் ஆசிட் கண்ணாடி இழை விரிப்புக்குள் ஊறிக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றும் வேலை அதில் இல்லை. லித்தியம் பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

என்னென்ன வேண்டும்

கண்ணை முழுக்க மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, டிஸ்டில்டு வாட்டர், மல்டிமீட்டர், அரைக் கிலோ சமையல் சோடா, பைக் பேட்டரிக்கான சார்ஜர். தண்ணீர் விட 10 மில்லி சிரிஞ்சும் அதன் முனையில் மாட்ட ஒரு சிறு ரப்பர் குழாயும் போதும். புனலோ பாட்டிலோ வேண்டாம். பைக் பேட்டரியின் செல், அதாவது ஒவ்வொரு மூடிக்கும் கீழே இருக்கும் தனி அறை, சிறியது. பாட்டிலைச் சாய்த்தால் ஒரே கவிழ்ப்பில் அப்பர் கோட்டைத் தாண்டிவிடும்.

கிராவிட்டியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வாங்கினால் சிறியதாகப் பார்த்து வாங்குங்கள். கார் பேட்டரிக்கான பெரிய ஹைட்ரோமீட்டர் மிதப்பதற்குத் தேவையான ஆசிட் பைக் பேட்டரியின் ஒரு செல்லில் கிடைக்காது.

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரைடும் இரும்பும் செல்லுக்குள் இருக்கும் ஈயத் தகட்டை, அதாவது பிளேட்டைக் கெடுக்கும், சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கும். ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு முழுதாகப் போவதில்லை. பாட்டில் குடிநீரில் பல சமயம் தாது உப்புகளைச் சேர்த்தே விற்கிறார்கள். டிஸ்டில்டு அல்லது டீமினரலைஸ்டு என்று எழுதியிருப்பதைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

தண்ணீர் விடும் முறை

1. வண்டியை அணைத்து, நெகடிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் சேஸிஸில் பட்டால் நேரடி ஷார்ட். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில்.

2. மூடிகளைத் திறப்பதற்கு முன் மேற்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள். அழுக்கு செல்லுக்குள் விழக் கூடாது.

3. பேட்டரியைச் சமதளத்தில் வைத்து ஆறு செல்களின் மட்டத்தையும் பாருங்கள். வண்டியில் வைத்தபடியே பார்த்தால், சைடு ஸ்டாண்டின் சாய்வு ஏமாற்றும்.

4. பிளேட்டுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, சார்ஜ் போடுங்கள். அப்பர் கோடு வரை நிரப்புவது சார்ஜ் ஏறிய பிறகு. சார்ஜ் ஏறும்போது மட்டம் கொஞ்சம் உயரும். முன்பே நிரப்பியிருந்தால் அது வாயு வெளியேறும் வென்ட் டியூப் வழியாக வழிந்து செயினையும் ஸ்விங் ஆர்மையும் அரிக்கும்.

5. சார்ஜ் கரண்ட், பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஏஹெச் (ஆம்பியர் அவர்) அளவில் பத்தில் ஒரு பங்கு. 5 ஏஹெச் பேட்டரிக்கு 0.5 ஆம்பியர், 9 ஏஹெச்சுக்கு 0.9 ஆம்பியர். மூடிகளைத் தளர்த்தி வையுங்கள். வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். ஆகவே காற்றோட்டமான இடம் வேண்டும். கிளிப்பை எடுப்பதற்கு முன் சார்ஜரை அணையுங்கள்.

6. சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்ல நிலை.

பலரும் தடுக்கி விழும் இடம்: கிராவிட்டி

தண்ணீர் விட்ட கையோடு ஹைட்ரோமீட்டரை விட்டால் 1.15, 1.10 என்று காட்டும். "ஆசிட் செத்துப்போச்சு" என்று முடிவு செய்து, கடையில் ஆசிட் வாங்கி ஊற்றுவார்கள். நல்ல பேட்டரிகள் பல இப்படித்தான் வீணாகின்றன.

இங்கே இரண்டு விஷயங்கள் சேர்ந்து குழப்புகின்றன. ஒன்று, புதிதாக விட்ட தண்ணீர் எடை குறைந்தது. ஆசிட்டின் மேலேயே மிதக்கும். நீங்கள் உறிஞ்சி அளந்தது அந்த மேலடுக்கை. சார்ஜ் முடியும் தறுவாயில் எழும் வாயுக் குமிழிகள்தான் மேலும் கீழும் கலக்கும். ஆகவே தண்ணீர் விட்டு, சார்ஜ் ஏற்றி, பிறகு அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

இரண்டாவது இன்னும் முக்கியம். பேட்டரி சார்ஜ் இறங்கும்போது ஆசிட் எங்கும் ஓடிப்போவதில்லை. ஈயமும் ஈய டையாக்சைடும் கந்தக அமிலத்தோடு வினைபுரிந்து ஈய சல்பேட்டாகவும் தண்ணீராகவும் மாறுகின்றன. அமிலத்தின் சல்பேட் பங்கு பிளேட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. சார்ஜ் போட்டால் அது மீண்டும் திரவத்துக்கே திரும்பும். கிராவிட்டி குறைவாக இருக்கிறதே என்று நீங்கள் ஆசிட் ஊற்றியிருந்தால், திரும்பி வருவதும் ஊற்றியதுமாகச் சேர்ந்து அடர்த்தி அளவை மீறும். பிளேட்டின் கம்பிச் சட்டமும், பிளேட்டுகளுக்கு இடையே இருக்கும் செப்பரேட்டர் தடுப்பும் அரிக்கப்படும். ஊற்றியதைத் திருப்பி எடுக்க எளிய வழி இல்லை.

வண்டி ஓட ஓடக் குறைவது தண்ணீர் மட்டும்தான்: கொஞ்சம் ஆவியாகிறது, மீதி சார்ஜின்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து போகிறது. கந்தக அமிலம் ஆவியாவதில்லை. குறைந்ததைத்தான் ஈடு செய்ய வேண்டும். பேட்டரி கவிழ்ந்து ஆசிட் கொட்டிப்போனால் மட்டும் விதிவிலக்கு, அப்போது 1.28 ஆசிட் ஊற்றலாம்.

எண்களை இப்படி வாசியுங்கள்: 1.265 முதல் 1.28 வரை முழு சார்ஜ், 1.19 பாதி, 1.12 காலி. ஆசிட்டின் சூடு 10 டிகிரி கூடினால் காட்டும் எண் ஏறத்தாழ 0.007 குறையும். ஆறு செல்களுக்கு இடையே 0.05க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்து நிற்கும் செல் போய்க்கொண்டிருக்கிறது. எந்தத் தண்ணீரும் அதைக் காப்பாற்றாது.

புதிய ட்ரை சார்ஜ் பேட்டரி

ட்ரை சார்ஜ் என்றால் உள்ளே ஆசிட் இல்லாமல் விற்கும் பேட்டரி. ஈரப் பேட்டரிக்கு ஆசிட் ஊற்றவேண்டிய ஒரே சாதாரணத் தருணம் இது. முதல் வேலை, வென்ட் குழாயை அடைத்திருக்கும் சிவப்பு மூடியை எடுப்பது. இதை மறந்தால் சார்ஜின்போது வாயு போக வழியில்லாமல் பேட்டரி உப்பி வெடிக்கும்.

தயார் நிலையில் விற்கும் 1.28 ஆசிட்டை அப்பர் கோடு வரை ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். பிளேட்டுகள் உறிஞ்சுவதால் மட்டம் இறங்கும். அந்தக் குறையை அதே ஆசிட்டால் நிரப்புங்கள். பிறகு பத்தில் ஒரு பங்கு கரண்டில் முழு சார்ஜ். "புதுசுதானே, ஓட்டினா ஏறிடும்" என்று நேராக வண்டியில் மாட்டினால் அது முழுக் கொள்ளளவுக்கு வராமலே போகலாம். இதன் பிறகு அந்தப் பேட்டரிக்குத் தண்ணீர் மட்டும்தான்.

அடர் அமிலம் வாங்கி வீட்டில் கலக்கலாமா என்றால், வேண்டாம். ஒரு லிட்டர் பேட்டரி ஆசிட்டுக்கு ஏறக்குறைய 800 மில்லி தண்ணீரும் 260 மில்லி அடர் அமிலமும் தேவை. கூட்டினால் 1,060 மில்லி. கலந்தபின் அளவு சுருங்கி ஒரு லிட்டராகும். சரியான வரிசையில் ஊற்றினாலும், ஒரேயடியாக ஊற்றினால் கலவை கொதிநிலையை நெருங்கும். பிளாஸ்டிக் வாளி இளகும், சாதாரணக் கண்ணாடி விரிசல் விடும். தயார் ஆசிட் கிடைக்கும்போது இந்த ஆபத்துக்கு அவசியமே இல்லை.

சிந்தினால்

தரையிலோ ஃபிரேமிலோ சிந்தியதற்குச் சமையல் சோடா. ஒரு மில்லி பேட்டரி ஆசிட்டை அடக்க 0.8 கிராம் சோடா தேவை. நுரை நிற்கும்வரை தூவிப் பிறகு கழுவுங்கள். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூவுங்கள். சோடா செல்லுக்குள் போனால் அந்த செல்லின் ஆசிட்டையே முறித்துவிடும்.

தோலில் பட்டால் சோடா வேண்டாம், ஓடும் தண்ணீர் மட்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் போங்கள். ஜீன்ஸில் தெறித்த ஒரு துளியை அலட்சியம் செய்யாதீர்கள். தண்ணீர் ஆவியாகி, எஞ்சும் அமிலம் அடர்ந்துகொண்டே போய்ப் பருத்தியைத் தின்னும். ஓட்டை அடுத்த துவையலில்தான் தெரியும்.

பின்னர் சேர்த்தவை

"மாசாமாசம் தண்ணி குறையுது" என்பவர்களுக்கு: ஆறு செல்லும் ஒரே மாதிரி வேகமாகக் குறைந்தால் கோளாறு பேட்டரியில் இல்லை, சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபயரில். 5,000 ஆர்பிஎம்மில் டெர்மினலில் அளந்து பாருங்கள், 13.5 முதல் 14.8 வோல்ட் வரை சரி. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரை மாற்றாமல் தண்ணீர் விட்டுப் பயனில்லை. ஒரே ஒரு செல் மட்டும் குறைந்தால் உறையில் விரிசலா என்று தேடுங்கள்.

ஆசிட் ஊற்றாமல் விற்கும் புதிய எம்எஃப் பேட்டரியோடு வரும் ஆறு குப்பி ஆசிட் பொட்டலத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அது அந்த மாடலுக்கென்றே அளந்தது, சாதாரண ஆசிட்டைவிடச் சற்று அடர்த்தியானது. மேலே உள்ள ஃபாயிலைக் கத்தியால் கிழிக்க வேண்டாம். கவிழ்த்து அழுத்தினால் பேட்டரியின் முனையே துளைத்துக்கொள்ளும். ஆறிலும் குமிழி எழுகிறதா என்று பாருங்கள். எழாத குப்பியின் அடியை விரலால் தட்டுங்கள். முழுதும் இறங்கி, அரைமணி நேரம் ஊறி, சார்ஜும் முடிந்த பிறகுதான் மூடிப்பட்டையை அழுத்த வேண்டும். அழுத்தியபின் அதை மறுபடி நெம்பாதீர்கள்.