டூலை எண்ணாமல் போடும் கையெழுத்து

விமானப்படையில் ஏர்ஃப்ரேம் (விமானத்தின் உடல்பகுதி) டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பராமரிப்புப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் ஒரு பையன் டூல் பாக்ஸைத் திறக்காமலே, "எல்லாம் இருக்கு சார்" என்று பட்டியலில் டிக் போட்டான். எனக்குப் பகீரென்றது. அவன் வயதில் நானும் இதையேதான் செய்தேன். புதிதாக வருபவர்கள் செய்யும் இப்படிப்பட்ட தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். மோதிரத்தைக் கழற்றி வைப்பது போன்றவற்றை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்ணாமல் கையெழுத்துப் போடுவது

அன்று இரவு இரண்டு மணி, ஷிஃப்ட் முடிகிற அவசரம். பாக்ஸை மூடிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். விடிந்ததும் அடுத்த ஷிஃப்ட்காரர் திறந்தார். ஒவ்வொரு டூலுக்கும் பாக்ஸில் ஒரு பள்ளம் உண்டு; அதன் அடி சிவப்பு. சின்ன ஸ்க்ரூடிரைவர் இருக்க வேண்டிய பள்ளம் காலியாக, சிவப்பாகத் தெரிந்தது. என் பையில்தான் கிடக்கும் என்று அரைமணி நேரம் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் விமானம் கிளம்பியிருந்தால்? பிறகு சொன்னேன். விமானத்தை நிறுத்திவிட்டு மதியம் வரை தேடினோம். விமானியின் இருக்கைக்கு அடியில், விமானி இயக்கும் ஸ்டிக்கோடு இணைந்த கன்ட்ரோல் ராடுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அது ராடில் சிக்கியிருந்தால் விமானியால் ஸ்டிக்கை அசைத்திருக்க முடியாது.

2023 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், லூக் விமானப்படைத் தளத்தில் ஒரு எஃப்-35 போர் விமானத்தின் இன்ஜினைத் தரையிலேயே ஓட்டிச் சோதித்தார்கள். காற்று உள்ளே போகும் வாயில் ஒரு கை டார்ச் மறந்துபோய்க் கிடந்தது. இன்ஜின் அதை உள்ளே இழுத்துக்கொண்டது. ஓடும்போது எந்த எச்சரிக்கையும் வரவில்லை; அணைக்கும்போதுதான் சத்தம் மாறியது. சேதம் சுமார் 40 லட்சம் டாலர். டூல்களை முறையாகச் சரிபார்க்கவில்லை என்றது விசாரணை.

யாராவது வாயால் மட்டும் "டூல் ஓகே" என்றால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. விரலால் தொட்டு எண்ணுங்கள். வேலை தொடங்கும் முன், முடிந்த பின், ஷிஃப்ட் மாறும்போது, மூன்று தடவையும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் முதலில் சொல்லுங்கள், பிறகு தேடுங்கள்.

தெரிந்ததை எழுதி வைக்காதது

2008 பிப்ரவரியில் குவாம் தீவில் அமெரிக்க விமானப்படையின் பி-2 குண்டுவீச்சு விமானம் ஒன்று விழுந்தது. ஈரம் புகுந்த சென்சார்கள் காற்றின் அளவுகளைத் தப்பாகக் காட்டியிருந்தன. சென்சார்களை முதலில் சூடாக்கி ஈரத்தைப் போக்க வேண்டும் என்பது சிலருக்கு முன்பே தெரியும். அது எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. விமானிகள் இருவரும் தப்பினார்கள். சுமார் 140 கோடி டாலர் விமானம் போனது.

ரன்வே பக்கம் மிச்சச் சோற்றைக் கொட்டுவது

பறவை வரும்.

தூக்கக் கலக்கத்தோடு வேலை

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள்.