பழைய லேண்ட்லைனை ஃபைபருக்கு மாத்துறப்ப கவனிக்க வேண்டியது

பிஎஸ்என்எல் காப்பர் லைன் வச்சிருக்கீங்கன்னா ஃபைபருக்கு அப்ளை பண்றப்பவே பழைய நம்பரே வேணும்னு ஃபார்ம்ல எழுதிக் கொடுத்துடுங்க, முப்பது வருஷமா சொந்தக்காரங்க எல்லாருக்கும் மனப்பாடமான நம்பர் அது, விட்டுடாதீங்க. ஃபைபர்ல கால் பேசிப் பார்க்குற வரைக்கும் பழைய லைனை சரண்டர் பண்ணாதீங்க.

ஃபைபர் வந்து சேர்ற ஓஎன்டி பாக்ஸ் பின்னாடி ஃபோன்னு எழுதின சின்ன ஓட்டை இருக்கும், நெட் கேபிள் ஓட்டையை விட ஒல்லியா, அதுல பழைய ஃபோனை செருகினா போதும், புது ஃபோன் வேண்டாம். மாடியில எக்ஸ்டென்ஷன் இருந்தா வெளியிலிருந்து வர்ற காப்பர் ஒயரை முதல்ல கழட்டிட்டு அப்புறம்தான் எக்ஸ்டென்ஷன் ஒயரை பாக்ஸோட சேர்க்கணும்.

முக்கியமான விஷயம் கரண்ட். காப்பர்ல எக்ஸ்சேஞ்ச்லேர்ந்தே 48 வோல்ட் வரும், கரண்ட் போனாலும் ஃபோன் அடிக்கும், ஃபைபர்ல பாக்ஸ் அணைஞ்சா ஃபோனும் செத்துடும். வயசானவங்க தனியா இருக்குற வீடுன்னா அடாப்டர்ல எத்தனை வோல்ட்னு பார்த்து, பெரும்பாலும் 12தான், அதுக்கேத்த மினி யூபிஎஸ் கட்டாயம் வாங்கிப் போடுங்க.

கடைசியா 0 போட்டு மொபைலுக்கு அடிச்சுப் பாருங்க, வெளியிலிருந்தும் வரச் சொல்லிப் பாருங்க.