கடும் முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின்: வறட்சியையும் மற்ற பக்க விளைவுகளையும் சமாளிக்கும் முறை

கட்டி கட்டியாகக் கிளம்பி, சீழ் வைத்து, ஆறிய பிறகும் பள்ளம் விட்டுப்போகிற வகைப் பரு எனக்கு. எட்டு மாதம் ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டேன். பரு அடங்கிவிட்டது. ஆனால் முதல் இரண்டு மாதம் நான் பட்ட வேதனையில் பாதி தேவையே இல்லாதது. முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். இந்த மருந்தை இப்போது தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்து தேவையா, எவ்வளவு தேவை என்பதைத் தோல் மருத்துவர் பார்த்துக்கொள்வார். நான் அதற்குள் போகவில்லை.

இந்த மருந்து தோலில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கிவிடுகிறது. பரு அடங்குவது பெரும்பாலும் அதனால்தான், தோல் காய்வதற்கும் அது ஒரு காரணம். உதடும் சேர்ந்தே காயும். எனவே வறட்சி வருமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வந்தே தீரும். அது வருவதற்கு முன்பே களிம்பு போடத் தொடங்குங்கள்.

படி 1: முதல் மாத்திரைக்கு முன்

கல்லீரல் நொதிகள், ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு) இரண்டையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் ட்ரைகிளிசரைடு ஏறித் தெரியும்.

வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். இது வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து என்பதால், கூடவே வைட்டமின் ஏ மாத்திரை கூடாது. பருவுக்காக முன்பு கொடுத்த டாக்ஸிசைக்ளின் போன்ற டெட்ராசைக்ளின் வகை மருந்துகளும் கூடாது. ஐசோட்ரெட்டினாயினோடு டெட்ராசைக்ளின் சேர்ந்தால் மூளையைச் சுற்றி அழுத்தம் ஏறும் ஆபத்து உண்டு.

கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இந்த மருந்து கடுமையான பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கும். மருந்து தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து, சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதம் வரை கர்ப்பம் தரிக்கவே கூடாது. ஆணோ பெண்ணோ, மருந்து சாப்பிடும்போதும் நிறுத்திய பின் ஒரு மாதமும் ரத்ததானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடலாம். மீந்த மாத்திரையை நண்பர்களுக்குக் கொடுக்கவும் கூடாது.

படி 2: சாப்பாட்டோடு விழுங்குவது

இது கொழுப்பில் கரையும் மருந்து. வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேரும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். அன்றைய சாப்பாட்டில் எந்த வேளை எண்ணெய், கொழுப்பு அதிகமோ அந்த வேளையோடு போடுங்கள்.

படி 3: உதடு

நான் சறுக்கிய இடம் இதுதான். பத்தாம் நாள் உதடு லேசாக இழுத்தது. கையில் இருந்த லிப் பாமைத் தடவினேன். குளுகுளுவென்று இருந்தது, அரை மணியில் மறுபடி காய்ந்தது. மறுபடி தடவினேன். ஒரு வாரத்தில் உதடு சிவந்து, உரிந்து, சிரித்தால் ரத்தம் வரும் நிலைக்கு வந்துவிட்டது. அந்த லிப் பாமில் மென்தாலும் கற்பூரமும் இருந்தன. குளிர்ச்சியாகத் தோன்றுமே தவிர, வெடித்த உதட்டை அவை மேலும் எரிக்கும். மருத்துவர் அதைத் தூக்கிப் போடச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

இன்னொரு தவறு, காயும்போதெல்லாம் உதட்டை நக்கியது. எச்சில் ஆவியாகும்போது உதட்டில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். உரியும் தோலைப் பல்லால் கடித்து இழுத்தால் அந்த இடம் புண்ணாகும்.

பிறகு நான் செய்தது இது:

காலை எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்பே உதட்டில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொண்டேன். பற்பசை நுரை நேராக உதட்டில் படாது. வாயைக் கழுவியதும், உதட்டில் ஈரம் இருக்கும்போதே மறுபடி. சாப்பிடுவதற்கு முன், சாப்பிட்ட பின். இரவு படுக்கும்போது வெள்ளையாகத் தெரியுமளவுக்கு கனமாக. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். சட்டைப்பையில் ஒன்று, படுக்கை அருகே ஒன்று, வேலை செய்யும் மேசையில் ஒன்று என்று மூன்று டப்பா வைத்திருந்தேன்.

எதை வாங்குவது என்று கேட்டால், வாசனையும் நிறமும் இல்லாத சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லி போதும் என்பேன். லானோலின் கலந்த களிம்பு இன்னும் நேரம் நிற்கும், ஆனால் சிலருக்கு ஒவ்வாமை வரும். பகலில் வெளியே போனால் எஸ்.பி.எஃப். (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாத உதட்டுக் களிம்பு வேண்டும். மெழுகு அதிகமான குச்சி வகைகள் எனக்குப் போதவில்லை.

இவ்வளவு செய்தும் வாயோரம் வெடித்து, மஞ்சளாகப் பொருக்குக் கட்டினால் அது வெறும் வறட்சி இல்லை, தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கு ஒரு களிம்பு கொடுத்தார், ஐந்தாறு நாளில் ஆறியது.

படி 4: மூக்கும் கண்ணும்

மூக்கின் உள்தோல் காய்ந்தால் ரத்தம் கசியும். இரவில் நாசித் துவாரத்தின் உட்புறம் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன், பகலில் உப்புநீர் ஸ்பிரே. கண் உறுத்தலுக்குப் பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. இருட்டில் பார்வை மங்கலாகத் தோன்றினால் இரவில் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 5: தோல்

பழைய பரு க்ரீம்களை (பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம், ரெட்டினால்) மருத்துவர் தொடரச் சொன்னால் தவிர ஓரம் கட்டிவிடுங்கள். வாசனையில்லாத மென்மையான கிளென்சர், வெதுவெதுப்பான நீர், துண்டால் ஒற்றி எடுத்தவுடன் ஈரத்தின் மேலேயே மாய்ஸ்சரைசர். செராமைடு அல்லது கிளிசரின் உள்ள கெட்டியான க்ரீம்தான் என் தேர்வு. லோஷன் எனக்குத் தாங்கவில்லை. வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், எனவே சன்ஸ்கிரீன் அவசியம். எரிச்சல் இருந்தால் துத்தநாக ஆக்சைடு வகை ஒத்துக்கொள்ளும்.

வாக்ஸிங் வேண்டவே வேண்டாம். மருந்து சாப்பிடும்போதும் நிறுத்திய பின் ஆறு மாதமும் முடியோடு தோலும் உரிந்து வரக்கூடும்.

படி 6: தாங்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்வது

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால்தான் பலன் என்று நான் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. வழக்கமாக நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். முழு சிகிச்சைக்கும் சேர்த்துக் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் என்பது பொதுவான இலக்கு. என் எடை 60 கிலோ. கிலோவுக்கு 120 என்று வைத்தால் மொத்தம் 7,200 மில்லிகிராம். அதை தினம் 60 என்று சாப்பிட்டால் 120 நாள், தினம் 30 என்றால் 240 நாள். போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். மூட்டும் முதுகும் வலிக்கிறது என்று நான் சொன்னதும் மருத்துவர் அளவைப் பாதியாக்கினார். காலம் நீண்டது, வலி குறைந்தது. நீங்களாக அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. வாந்தியோடு கடும் தலைவலி, பார்வை மங்கல், பொறுக்க முடியாத வயிற்று வலி, கண் மஞ்சளாவது. அப்புறம் மனது. காரணமில்லாத சோர்வு, எதிலும் பிடிப்பின்மை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எது வந்தாலும் அன்றே வீட்டில் ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். தொடங்கும்போதே நெருங்கிய ஒருவரிடம், "நான் மாறித் தெரிந்தால் சொல்" என்று கேட்டு வையுங்கள். நான் என் அக்காவிடம் கேட்டு வைத்திருந்தேன்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்ட மூன்று விஷயங்களை நான் விட்டிருந்தேன்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு நடுவில் உறுத்தத் தொடங்கலாம். கண்ணாடி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

முதல் சில வாரங்களில் பரு கூடினால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. பலருக்கு அப்படித்தான் தொடங்கும். எனக்கும் மூன்றாவது வாரம் கன்னத்தில் புதிதாக நான்கு கட்டிகள் வந்தன. ஆனால் வலியோடு வெடித்து, காய்ச்சலும் மூட்டு வலியும் சேர்ந்தால் உடனே காட்ட வேண்டும்.

உதட்டு வறட்சி எப்போது சரியாகும் என்றும் கேட்டிருந்தார்கள். கடைசி மாத்திரை போட்ட மூன்றாவது வாரம், காலையில் எழுந்து உதட்டில் எதுவும் தடவாமலே பல் துலக்கினேன். எரியவில்லை.