ஒரு சிறு பகுதி, ஒரு செயல்
மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) நேரமாகிவிடுமே என்று இருட்டிலேயே எழுந்து ஓடும் நமக்கு, காலையில் நெடுநேரம் வேதாகமம் (பைபிள்) வாசிக்க வாய்ப்பதில்லை. ஆகவே முழு அதிகாரத்தையும் அவசரமாக ஓட்டாமல், மூன்று நான்கு வசனங்களை மட்டும் நிதானமாக வாசித்து, அன்று மாலைக்குள் செய்து முடிக்கக்கூடிய ஒரே ஒரு செயலை அதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

யாக்கோபு நிருபம் 2:15-17 பகுதியை எடுத்துக்கொள்வோம். உடையும் அன்றாட உணவும் இல்லாதவருக்கு எதையும் கொடுக்காமல் நல்வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புவதால் பயன் என்ன என்று கேட்கும் அப்பகுதி, செயலற்ற விசுவாசம் செத்தது என்கிறது. அதை வாசித்த நாளில், லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கடைசி வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்த பாட்டியிடம் “ஜெபித்துக்கொள்கிறேன்” என்று வாசலிலேயே சொல்லிவிட்டுக் கிளம்பிய நான், மோட்டாரைத் திருப்பி, ஒட்டுக்கடையில் கஞ்சி வாங்கிவந்து கொடுத்தேன். (ஜெபத்தையும் விடவில்லை.)

செயலைத் துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், பசியாறும் வேளையில் கையில் தட்டுப்படும். கைப்பேசியில் குறித்தால் மற்றச் செய்திகளுக்குள் புதைந்துவிடுகிறது. பெரிய செயல்களைத் தேட வேண்டாம். கைமாற்றாக வாங்கிய 10 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுப்பதோ, பக்கத்து வீட்டாரோடு விட்டுப்போன பேச்சை மீண்டும் தொடங்குவதோ போதும், இரண்டாவதுதான் கடினம்.