போர்க்காலத் தடுப்புக் காவல் வழக்கு: ஜூனியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சட்டக் கல்லூரி மூட் கோர்ட்டில், அதாவது மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்தில், என்னை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். போர் நடக்கிறது, அரசு ஒரு குடிமகனை வழக்கு விசாரணையே இல்லாமல் தடுப்புக் காவலில் வைத்திருக்கிறது, அவரை விடுவிக்கக் கேட்டு ஆட்கொணர்வு மனு. வாதாட எழுந்த பிள்ளைகளில் பாதிப் பேர், நான் ஜூனியராக இருந்தபோது செய்த அதே தப்பைச் செய்தார்கள். பிரிவு எண் மாறிப்போவது, தேதி தடுமாறுவது எல்லாம் நாலு வாய்தாவில் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை மட்டும் இங்கே.

1976-இல் ஆரம்பிப்பது

எல்லாரும் ஏடிஎம் ஜபல்பூர் வழக்கில்தான் தொடங்குகிறார்கள்: நெருக்கடி நிலையில் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு. 4-க்கு 1 தீர்ப்பு, நீதிபதி கன்னாவின் மாறுபட்ட குரல், 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லாது என்றது. எல்லாம் சரி. ஆனால் அது உள்நாட்டுக் குழப்பம் என்று சொல்லிக் கொண்டுவந்த நெருக்கடி நிலையின் கதை. போர்க்கால வழக்கு வேண்டுமென்றால் 1962-க்குப் போங்கள்.

உத்தரவைப் படிக்காமல் உரிமையைப் பேசுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

1962 அக்டோபரில் சீனப் படை எல்லை தாண்டியது. 26-ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நவம்பர் 3 அன்று குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது: அரசியலமைப்பின் 21, 22-ஆம் பிரிவுகளை (உயிரும் தனிமனித சுதந்திரமும்; கைதிலும் காவலிலும் உள்ள பாதுகாப்பு) சொல்லிக்கொண்டு நீதிமன்றம் போக முடியாது. இதைப் படித்ததும் சிலர் கதவு மூடிவிட்டது என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் மூடின கதவிலேயே போய் முட்டி, தனிமனித சுதந்திரம் பற்றிப் பத்து நிமிடம் முழங்குகிறார்கள்.

ஆணையின் கடைசி வரிக்கு யாரும் வருவதில்லை. இந்தியப் பாதுகாப்புச் சட்டப்படியோ அதன் விதிகளின்படியோ உரிமை பறிக்கப்பட்டிருந்தால்தான் அந்தத் தடை. சட்டப்படி பறிக்கவில்லை என்றால்? 1963-இல் மக்கன் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு இதற்குப் பதில் சொன்னது. 21-ஐ நம்பிய வாதம் தோற்றது. ஆனால் உத்தரவு அந்தச் சட்டத்துக்கே பொருந்தவில்லை, கெட்ட எண்ணத்தில் போடப்பட்டது என்று சொல்லும் வழி திறந்தே இருந்தது.

அந்த வழியில் வெளியே வந்தவர் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா. 1965 ஆகஸ்டில் பாட்னா மாவட்ட மாஜிஸ்திரேட் அவரைக் காவலில் வைத்தார். விதியில் இருந்த சொல் ‘பொது ஒழுங்கு’. மாஜிஸ்திரேட் உத்தரவில் எழுதிய சொல் ‘சட்டம் ஒழுங்கு’. அவ்வளவுதான். இரண்டும் ஒன்றுதானே என்றது அரசுத் தரப்பு. இல்லை என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் விடுவித்தது. தேதியைப் பாருங்கள்: 1965 செப்டம்பர் 7. முந்தின நாள்தான் நம் ராணுவம் லாகூர் பக்கம் எல்லையைத் தாண்டியிருந்தது.

இதை எங்கே கற்றுக்கொண்டேன் தெரியுமா? ஒரு குண்டர் சட்ட வழக்கில். பன்னிரண்டு பக்கம் மனு, வரிக்கு வரி சுதந்திரம். சீனியரிடம் காட்டாமலே தாக்கல் செய்தேன், தள்ளுபடி. நாலு மாதம் கழித்து வேறொரு வழக்கறிஞர் அதே உத்தரவை எடுத்து, குடும்பத்துக்கே உரிய ஒரு தகராறு எப்படிப் பொது ஒழுங்கைக் கெடுக்கும் என்று இரண்டு பக்கத்தில் கேட்டார். ஆள் வெளியே வந்துவிட்டார். அந்த நாலு மாதம் என் கணக்கில்தான் இருக்கிறது. சீனியர் திட்டவில்லை. கேஸ் கட்டை என் முன்னால் தள்ளி, “உத்தரவை உரக்கப் படிப்பா” என்றார். படித்தேன். அந்தக் குடும்பத் தகராறு மூன்றாவது பத்தியிலேயே இருந்தது.

மூட் கோர்ட்டிலும் உத்தரவின் நகல் கேஸ் கட்டிலேயே இருந்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பியது ஒரே ஒரு பெண்.

வட்டங்களைக் குழப்புவது

நீதிபதி ஹிதாயத்துல்லா அந்த லோகியா தீர்ப்பில்தான் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களைச் சொன்னார். பெரியது சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, நடுவில் நாட்டின் பாதுகாப்பு. உள்ளிருப்பது வெளியிலும் இருக்கும். வெளியிலிருப்பதெல்லாம் உள்ளே வராது. தலைகீழாகச் சொன்னால் உங்கள் கட்சிக்காரர் சிறைக்குள்ளேயே இருப்பார்.

சிறைக்குள் போனால் எல்லாம் போயிற்று என்பது

இல்லை. அதே பாதுகாப்பு விதிகளின் கீழ் பம்பாயில் அடைக்கப்பட்டிருந்த ஒருவர் அணு பற்றி மராத்தியில் புத்தகம் எழுதினார். அதை வெளியே அனுப்பி அச்சிட அரசு மறுத்தது. காவல் நிபந்தனைகளில் அப்படி ஒரு தடையே இல்லையே என்று நீதிமன்றம் அனுப்பச் சொன்னது. இதுவும் வாசகத்தைப் படித்ததால் வந்த பலன்தான்.

அறிவுரைக் கழகத்தை நீதிமன்றம் என்பது

தடுப்புக் காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்கும் குழு அது. நீதிமன்றம் என்று சொல்லாதீர்கள்.

21 இருக்கிறதே என்று நிம்மதியாவது

1978-இன் 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு நெருக்கடி நிலையிலும் 20 (குற்றத் தண்டனையில் உள்ள பாதுகாப்பு), 21-ஆம் பிரிவுகளை முடக்க முடியாது. தடுப்புக் காவலுக்குக் காரணம் சொல்ல வேண்டும், முறையீடு செய்ய வாய்ப்புத் தர வேண்டும் என்கிற 22 அந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பெண் இதைச் சொன்னபோது எதிர் அணி அவசர அவசரமாகப் பக்கம் புரட்டியது.