சர்வீஸ் விளக்கை வீட்டிலேயே ரீசெட் செய்வது எப்படி (ஆயில் மாற்றிய பிறகு மட்டும்)

ஆயில் மாற்றியாகிவிட்டது, ஃபில்டர் மாற்றியாகிவிட்டது, பில்கூட டேஷ்போர்டில் கிடக்கிறது. ஆனாலும் சாவியைத் திருப்பும்போதெல்லாம் மீட்டரில் அந்த மஞ்சள் ஸ்பேனர் படம் வந்து நிற்கிறது. சில வண்டிகளில் படத்துக்குப் பதிலாக 'ஆயில் மாற்றவும்' என்று ஒரு வரி வரும். வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் விடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் ஷோரூமில் வேலை முடிந்ததும் அதை அணைத்துவிட்டுத்தான் சாவியைத் தருவார்கள், ஷெட்டில் பல நேரம் மறந்துவிடுவார்கள். இதற்காக இன்னொரு முறை லீவு போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். நிறைய வண்டிகளில் இது இரண்டு நிமிட வேலை, ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவையில்லை. பெங்களூரில் ஒரு ஷெட்டில் 'கம்ப்யூட்டர் போட்டுத்தான் எடுக்கணும் சார்' என்று சொல்லி என்னிடம் 600 ரூபாய் வாங்கினார்கள். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், அவர் அழுத்தியது மீட்டரிலேயே இருக்கும் இரண்டு பட்டன்களைத்தான். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அதனால்தான் தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன்.

முதலில் எரிவது எந்த விளக்கு என்று பாருங்கள். ஸ்பேனர் என்றாலோ, கிலோமீட்டர் கணக்கோடு 'சர்வீஸ்' என்று வந்தாலோ அது பெரும்பாலும் நினைவூட்டல். இன்ஜின் வடிவத்தில் மஞ்சளாக எரிந்தால் அது வேறு சமாச்சாரம், ஏதோ சென்சார் கோளாறு சொல்கிறது, ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய்க் குவளை வடிவில் சிவப்பாக எரிந்தால் ஆயில் பிரஷர் இல்லை என்று அர்த்தம், அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். வீடு இன்னும் அரைக் கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும். இந்த இரண்டுக்கும் கீழே சொல்லும் எதுவும் பொருந்தாது.

ஸ்பேனர் விளக்குக்கு உங்கள் ஆயிலைப் பற்றி நேரடியாக எதுவும் தெரியாது. பெரும்பாலான வண்டிகளில் அது வெறும் எண்ணி, இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது எரியும். கொஞ்சம் புத்திசாலியான வண்டிகள் இன்ஜின் சூடு, ஓடிய விதம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடும், ஆனால் அவற்றிலும் ஆயில் மாற்றியாயிற்று என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நாம் பொய் சொன்னால் அதுவும் நம்பிவிடும்.

இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். 2019இல் ஒரு பழைய பெட்ரோல் வண்டி வாங்கினேன். மீட்டரில் அடுத்த சர்வீஸுக்கு 14,200 கிலோமீட்டர் இருக்கிறது என்று காட்டியது, விற்றவரும் 'இப்பத்தான் சர்வீஸ் ஆச்சு' என்றார். வீட்டுக்கு வந்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கை, இழுத்துப் பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டைத் தொடவே இல்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தேன், அதன் உள்பக்கம் கறுப்புக் கசடு அல்வா பதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, விரலால் வழித்தால் திரண்டு வந்தது. விளக்கை மட்டும் அணைத்து விற்றிருக்கிறார். ஆகவே வேலை செய்யாமல் விளக்கை அணைக்காதீர்கள், பழைய வண்டி வாங்கப் போனால் மீட்டர் சொல்வதை நம்பாமல் மூடியைத் திறந்து பாருங்கள். டீசல் என்றால் நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, புது ஆயிலே சில நாளில் கறுத்துவிடும். கசடும் அளவும்தான் பேசும்.

சரி, ரீசெட்டுக்கு வருவோம். எல்லா முறைக்கும் பொதுவான விஷயம்: இக்னிஷன் ஆன், இன்ஜின் ஓடக் கூடாது. சாவி வண்டியில் ஸ்டார்ட் ஆவதற்கு முந்தைய நிலையில் நிறுத்துங்கள், மீட்டர் விளக்குகள் எல்லாம் எரியும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கையோ கிளட்சையோ தொடாமல் பட்டனை அழுத்த வேண்டும், பல வண்டிகளில் இரண்டு தடவை. ஏசி, ஹெட்லைட், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், பேட்டரி பழையதாக இருந்தால் இதுகூட உதவும். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

ஃபோர்டு வண்டிகளில், முக்கியமாக ஈகோஸ்போர்ட்டில், பட்டனே கிடையாது, பெடல்தான் பட்டன். பெங்களூர் அல்சூரில் எங்கள் அபார்ட்மென்டில் மேல்வீட்டு அக்கா இந்தப் பொங்கலுக்குச் சேலம் போனபோது அங்கே குடும்ப மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியிருக்கிறார். திரும்பி வரும் வழியில், கிருஷ்ணகிரி டோல் தாண்டியதும் ஆயில் மாற்றச் சொல்லி மெசேஜ். ஏமாற்றிவிட்டாரோ என்று வழியெல்லாம் கவலை. பேஸ்மென்டில் வண்டியை நிறுத்தியதும் டிப்ஸ்டிக்கைப் பார்த்தோம், இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக இருந்தது, ஃபில்டரும் புதுசு. மெக்கானிக் மேல் தப்பே இல்லை, ரீசெட் மட்டும்தான் விட்டுப்போயிருக்கிறது. அக்காவை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, இக்னிஷனை மட்டும் ஆன் செய்யச் சொல்லி, ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் ஒரே நேரத்தில் முழுசாக அழுத்தச் சொன்னேன்.

"தம்பி, ரெண்டையும் அழுத்தினா வண்டி பாய்ஞ்சிடாதா?"

"இன்ஜின் ஓடலைக்கா. காலை மட்டும் எடுத்துடாதீங்க."

பத்து எண்ணினோம், ஒன்றும் இல்லை. பதினைந்து. அக்கா காலை எடுக்கப் பார்த்தார், விடாதீங்க என்றேன். இருபதைத் தாண்டியதும் ரீசெட் நடந்துகொண்டிருக்கிறது என்று ஒரு வரி வந்தது, கொஞ்ச நேரத்தில் முடிந்தது என்று இன்னொரு வரி. அப்புறம்தான் காலை எடுக்க வேண்டும். பலருக்கு இது வேலை செய்யாமல் போவது பத்து வினாடியிலேயே பொறுமை இழப்பதால்தான். 25 வினாடி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021இல் அறிவித்தாலும் மறைமலை நகரில் செய்த வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன, அதனால் இதைத் தெரிந்து வைத்திருந்தால் பக்கத்து வீட்டுக்காவது உதவும்.

ஃபோக்ஸ்வாகன் போலோ, வென்டோ, ஸ்கோடா ரேபிட் மாதிரி பழைய மீட்டர் உள்ள வண்டிகளில் முறை வேறு. இக்னிஷன் ஆஃபில் இருக்கும்போதே ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே இக்னிஷனை ஆன் செய்யுங்கள். சர்வீஸ் ரீசெட் பற்றி ஸ்கிரீனில் வந்ததும் பட்டனை விட்டுவிட்டு, உடனே கடிகாரத்தின் நிமிடத்தை மாற்றும் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள். தாமதித்தால் அது தானாகவே வெளியே வந்துவிடும், பழையபடி முதலிலிருந்து. சில மீட்டர்களில் உறுதி செய்யச் சொல்லிக் கேட்கும், ஆம் என்று கொடுங்கள். நான் 600 ரூபாய் கொடுத்தது இதற்குத்தான்.

பழைய டொயோட்டாக்களில் ட்ரிப் பட்டன் ஒன்றே போதும். மீட்டரை ட்ரிப் 'ஏ'யில் வைத்துவிட்டு இக்னிஷனை அணையுங்கள், பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுபடி ஆன் செய்யுங்கள், டிஸ்ப்ளேயில் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து பூஜ்யங்கள் வரும்வரை விடாதீர்கள். ட்ரிப் 'பி'யில் இருந்தால் நடக்காது, இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பாதியில் விட்டுவிட்டாலும் பயமில்லை, போனால் ட்ரிப் கணக்கு போகும், அவ்வளவுதான்.

ஹூண்டாயில் மெனு இருக்கிறது. ஸ்டியரிங்கில் உள்ள பட்டனால் 'யூசர் செட்டிங்ஸ்' போய் 'சர்வீஸ் இன்டர்வல்' எடுத்து ரீசெட் கொடுக்கலாம், இல்லையென்றால் மெசேஜ் வரும்போதே ஓகே பட்டனை ஒரு வினாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கிலோமீட்டரையும் மாதத்தையும் நாமே வைத்துக்கொள்ளலாம். கம்பெனி 10,000 என்று சொன்னாலும் பெங்களூருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு 7,500 வைத்துவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

ஏன் என்றால், மேல்வீட்டு அக்காவின் கணக்கையே பாருங்கள். அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி போய்வர 40 கிலோமீட்டர், சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிப் போய்வர மூன்று மணி நேரம். அப்படியே 10,000 கிலோமீட்டர் ஓடினால் இன்ஜின் 750 மணி நேரம் ஓடியிருக்கும். சேலத்துக்கு 200 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் போகிற வேகத்தில் அதே 10,000 கிலோமீட்டர் என்றால் 200 மணி நேரம்தான். கிலோமீட்டரை மட்டும் எண்ணும் மீட்டருக்கு இரண்டும் ஒன்று. ஆயிலுக்கு ஒன்றில்லை. வண்டியோடு வரும் கையேட்டில் 'கடினப் பயன்பாடு' என்று ஒரு பக்கம் இருக்கும், நின்று நின்று போகும் டிராஃபிக், நீண்ட நேரம் ஐடிலிங் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடுவது), தூசி என்று பட்டியல் போட்டு, இப்படி ஓட்டினால் சீக்கிரம் மாற்றுங்கள் என்று அங்கேயே எழுதியிருப்பார்கள். மெட்ரோ வேலை நடக்கும் ரிங் ரோட்டில் தினமும் போகிறவர்கள் அந்தப் பக்கத்தைத் தங்களுக்காக எழுதியதென்றே எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் வண்டி மேலே சொன்னவற்றில் இல்லை என்றால் அதே கையேட்டில் 'மெயின்டனன்ஸ்', 'சர்வீஸ் இன்டர்வல்', 'ஆயில் லைஃப்' என்ற வார்த்தைகளைத் தேடுங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் கம்பெனியின் தளத்தில் பல மாடல்களுக்கு இலவசமாகவே கிடைக்கும். புது வண்டிகளில் பெரும்பாலும் டச் ஸ்கிரீன் செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கணக்கு பவர் இல்லாவிட்டாலும் அழியாத மெமரியில் இருக்கிறது, கடிகாரமும் ரேடியோ செட்டிங்கும் போவதுதான் மிச்சம். சில வண்டிகளுக்கு மட்டும் உண்மையிலேயே ஸ்கேனர் வேண்டும், ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சாக்கெட்டில் மாட்டிச் செய்வார்கள். அதற்குக் கேட்கும் காசு நியாயமான காசு.

ரீசெட் செய்தபின் இக்னிஷனை அணைத்து, அரை நிமிடம் விட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து பாருங்கள். உடனே திரும்ப வந்தால் ரீசெட் ஏறவில்லை, மறுபடி செய்யுங்கள். இரண்டு நாள் கழித்து ஏதோ விளக்கு எரிந்தால் அது ஸ்பேனரா, வேறா என்று உற்றுப் பாருங்கள்.

வாரண்டியில் உள்ள வண்டி என்றால் நான் வீட்டில் கை வைக்க மாட்டேன். விளக்கு அணைவதும் கம்பெனிக் கணக்கில் சர்வீஸ் பதிவாவதும் வேறு வேறு, நாளை ஏதாவது கிளெய்ம் என்று போனால் அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள். ஆயிலையும் நீங்களே மாற்றுகிறவர் என்றால், உதிரிபாகக் கடைகள் உள்ள ஜேசி ரோட்டில் ஃபில்டர் வாங்கும்போது, பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷரும் கேட்டு வாங்குங்கள். பழைய ஆயிலை டப்பாவில் பிடித்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது சுற்றிச் சுற்றி ஏதோ ஒரு ஏரிக்குத்தான் போய்ச் சேரும்.

விளக்கு என்ன சொன்னாலும் கையால் எழுதிய கணக்கு ஒன்று வண்டியில் இருக்க வேண்டும். அக்கா அன்றைக்கே தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதி, டிரைவர் கதவைத் திறந்தால் கண்ணில் படும் இடத்தில் டேப் போட்டு ஒட்டினார்: 'ஆயில், ஃபில்டர் – ஜனவரி 12 – 62,140. அடுத்தது 69,640.'